எல்லையற்ற நட்பும் என் மேல்வரிசைப் பல்லும்

இரண்டு வல்லரசுகள் விருந்தில் சந்திக்கும்போது ஒன்றின் கோப்பை இன்னொன்றின் கோப்பையை எந்த உயரத்தில் தொட வேண்டும் என்பது உலக அமைதி சம்பந்தப்பட்ட விஷயம். சிரிக்காதீர்கள். ஆமூர் ஆற்றின் ரஷ்யக் கரையில், மாவட்ட அலுவலகத்து வெளியுறவுப் பிரிவின் துணை அதிகாரியாக என் தலை நரைத்ததே இப்படிப்பட்ட விஷயங்களில்தான்.

அக்கரைச் சீனர்களிடம் ஒரு வழக்கம். கோப்பை தட்டும்போது, மதிக்கிற ஆளின் கோப்பையைவிடத் தன் கோப்பையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிப்பார்கள். எங்களுக்கு வெகுகாலம் அப்படித்தான் தாழ்ந்தது. ஏதோ கை அசதி போலிருக்கிறது என்று நாங்களும் குடித்துக்கொண்டிருந்தோம். போன இலையுதிர்கால விருந்தில் அது தாழவில்லை. இங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. தலைநகரில் எவனோ ஒரு புண்ணியவான் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தொலைத்தான். வந்தது உத்தரவு: "இனி நமது கோப்பை தாழலாகாது. நண்பர் மனம் புண்படுமாறு உயர்தலும் ஆகாது. சம உயரமே நமது அசைக்க முடியாத நிலைப்பாடு."

அக்கரையில் என் வேலையையே பார்க்கும் லுவான் ஷிபிங்குக்கும் அவர்கள் மேலிடத்திலிருந்து ஒன்று வந்தது. மரியாதையில் குறை வைக்காதே, ஆனால் பணிந்ததாகத் தெரியக்கூடாது.

ஆக, உயரம் தீர்மானமாகாமல் விருந்து இல்லை. விருந்து இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாமல் ஆற்றில் பயணிகள் படகு இல்லை. படகு இல்லாமல் எனக்குப் பல் இல்லை.

ஆறு உறைந்து கிடந்தபோது பனிமேல் பஸ் ஓடியது. அதில் அக்கரைக்குப் போய்த்தான் நிங் டாக்டரம்மாவிடம் மேல்வரிசையை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். "ஈறு ஆறட்டும், புதுப் பல் செஞ்சு வைக்கிறேன்" என்றார். ஈறு ஆறியது. அதற்குள் பனி உருகிப் பஸ் நின்றுவிட்டது. ஈறு ரஷ்யாவில், பல் சீனாவில். இதைவிட நெருங்கிய உறவு இரண்டு நாடுகளுக்கு நடுவே இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

என் மனைவி ரயீசா சும்மா இருப்பாளா? "ஊரு உலகத்துக்கெல்லாம் சமாதானம் பேசறீங்க, உங்க வாய்க்கு ஒரு பல்லு கொண்டுவர வக்கில்ல! நான் பிடிச்சு வெச்ச பெல்மேனிக் கறிக்கொழுக்கட்டைய பக்கத்து வீட்டுக்காரன் மொக்கறான். அது வெந்த தண்ணிதான் உங்களுக்கு. குடிங்க!"

குடித்துவிட்டு லுவானுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, உயரத்த எங்கேருந்து அளக்கறது?" என்றான் லுவான்.

"தரையிலேருந்துதான்."

"உங்க தலைவர் கொக்காட்டம் நெட்டை. எங்கவர் என் தோளுக்குத்தான் வருவார். எங்கவர் கையத் தூக்கினா ஏதோ கேக்கறாப்பல இருக்குமே?"

"ஒரு முக்காலி போட்டு ஏத்திவிட்டா?"

"யாரு முக்காலி?"

"எங்களுதுதான்."

"வேற வினையே வேணாம். சீனாவைத் தூக்கிவிட்ட ரஷ்யான்னு பேப்பர்ல போட்டுருவான்."

"அப்ப எங்காளு முட்டிய மடிக்கட்டும்" என்றேன். இதைச் சொன்னது என் பொக்கை வாய். அரசின் நிலைப்பாடு அல்ல. உடனே வாபஸ் வாங்கினேன்.

கடைசியில் இருவரும் உட்கார்ந்தபடியே தட்டுவது என்று முடிவாயிற்று. தச்சர் வந்து இரு நாற்காலிகளின் கால்களையும் அறுத்து இருவர் தோளும் ஒரே மட்டத்தில் வரச் செய்தார்.

அக்கரைக் குழு தனிப்படகில் வந்து இறங்கியது. தலைவர்களுக்கு ஆறு எப்போதும் திறந்துதான் இருக்கும். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தோடு நான் தலைவர் அர்காதி வலெரியானவிச்சின் பின்னால் நின்றேன். முதல் கோப்பை சமம். இரண்டாவதும் சமம். மூன்றாவதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு உத்தரவு ஞாபகம் இருக்காது, பாசம்தான் பொங்கும்.

"பெரியவரே, எங்கப்பாவப் பாத்தாப்பல இருக்கு!" என்று தலைவர் கோப்பையைத் தாழ்த்திவிட்டார்.

எதிரே இருந்த அக்கரைத் தலைவர், முதியவர் தெங், வளர்ந்த வளர்ப்பு விடுமா, தன்னுடையதை அதற்கும் கீழே கொண்டுபோனார்.

"என்னய்யா இது, நம்மள முந்தறாரு?" என்று தலைவர் என் காதைக் கடித்தார்.

"ஐயா, அது வெறும் பணிவுங்க. நாம தாழக் கூடாதுன்னு உத்தரவு."

"பணிவுல மட்டும் ரஷ்யா ரெண்டாவதா நிக்கணுமா?" அவர் இன்னும் தாழ்த்தினார்.

"பணிவைக் கண்டுபிடிச்சதே நாங்க. நேத்து வந்தவங்க சொல்லித் தர்றாங்களாக்கும்!" தெங் அதற்கும் கீழே போனார்.

மேசை மட்டம் போயிற்று, நாற்காலி மட்டம் போயிற்று. இரு தலைவர்களும் மண்டியிட்டு, மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். மொழிபெயர்க்க நானும் லுவானும் நுழைந்தோம். இருவரும் குப்புறப் படுக்க, இரு கோப்பைகளும் தரையில் உட்கார்ந்தன. அதற்குக் கீழே போக இரு நாட்டிடமும் வழியில்லை. நான் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது.

"அண்ணே, சம உயரம்!" என்று லுவான் கத்தியே விட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உறவுக்காக அல்ல, பல்லுக்காக. அந்த மேசைக்கடியிலேயே கையெழுத்து ஆனது. "இரு நாட்டு உறவு வரலாறு காணாத ஆழத்தை எட்டியது" என்று மறுநாள் கூட்டறிக்கை வந்தது. பொய் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

முதல் படகிலேயே போனேன். நிங் டாக்டரம்மா மாட்டிவிட்டு, "கடிங்க பாப்போம்" என்றார். கடித்தேன். ஆகா! அன்றைக்கு ரயீசாவின் பெல்மேனியில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்து எங்கள் ஊர் அரங்கில் விழா. தலைநகரிலிருந்து வந்த உரையை நான்தான் வாசித்தேன்: "நமக்கு எவர் தயவும் தேவையில்லை! நம் சொந்தக் காலில் நிற்கிறோம்!" புதுப் பல்லில் ஒவ்வோர் எழுத்தும் கணீரென்று விழுந்தது. அரங்கம் பூரித்துச் சிரித்துக் கைதட்டியது. மேடையிலிருந்து பார்க்கிறேன், தலைவர் முதல் வாயிற்காவலர் வரை எல்லார் வாயிலும் அதே வெள்ளை, அதே வரிசை. அத்தனையும் நிங் டாக்டரம்மா கைவேலை!

முன்வரிசையில் விருந்தாளி லுவான் மட்டும் சிரிக்கவில்லை. கன்னம் பன் ரொட்டியாட்டம் வீங்கியிருந்தது.

"என்னப்பா, அந்த டாக்டரம்மா ஊர்லயே இருந்துகிட்டு உனக்கென்ன பல்வலி?"

"எங்க ஊருதான், ஆனா எங்களுக்கு எங்கண்ணே முறை வருது? நாள் பூரா உங்காளுங்கதான் உக்காந்திருக்காங்க. படகு நின்னு கிடந்தப்பதான் எனக்கொரு நாள் குடுத்தாங்க. அன்னிக்குன்னு பாத்து விருந்து! மேசைக்கடியில படுத்திருந்தேன்." கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "நாளைக்கு அக்கரையில விழா. 'எவர் தயவும் தேவையில்ல'ன்னு நான் பேசணும். வாயே திறக்க முடியல. நீங்க வந்து பேசிக் குடுத்துடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

போனேன். அதே உரையைத்தான் வாசித்தேன், நாட்டின் பெயரை மட்டும் மாற்றி. அங்கேயும் நல்ல கைதட்டல்.