ஆகாசத்தில் டீக்கடை இல்லை

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். ஆனாலும் கணக்குப் போட்டே என் மகளை அழவைத்தவன்.

முப்பது வருசம் கோபியிலிருந்து லாரியில் தேங்காய் லோடு ஓட்டினேன். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டாலும், டீக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சொல்வேன். (நாக்பூர் தாண்டி ஒரு கடையில் ஏலக்காய் தட்டிப்போட்ட டீ ஒன்று கிடைக்கும்… சரி, விசயத்துக்கு வருகிறேன்.)

மகன் பிரகாசுக்குக் காரமடையில் பெண் அமைந்தது. எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்ற சடங்கைச் செய்யக் கூடப்பிறந்தவள் வேண்டும். என் மகள் கவிதா இருப்பதோ சிகாகோவில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்ப ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்டாள். அதற்கு முன்னால் லீவு கிடையாது.

நாள் குறிக்க உட்கார்ந்தபோது பெண்ணின் அப்பா கேட்டார். "ஏனுங்க சம்பந்தி, ஞாயித்துக்கெழம முகூர்த்தத்துக்கு அம்மணி வந்து சேந்துருமுங்களா? புதன்கெழமையும் நல்ல நாளுதானுங்க."

யாரோ செல்போனைப் பார்த்துப் பதினாலாயிரம் கிலோமீட்டர் என்றார்கள். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம். மிஞ்சிப்போனால் பதினாறு மணி நேரம். வெள்ளி சாயங்காலம் ஆறோடு கூட்டினேன். சனிக்கிழமை காலை பத்து!

"நடுவுல எங்கியும் நிக்காதுங்களா?" என்றார் சம்பந்தி.

"ஆகாசத்துல என்ன டீக்கடையா இருக்குதுங்க, நிக்கறதுக்கு?"

சபையே சிரித்தது. அந்தச் சிரிப்போடு நிச்சயத்துக்கு அடையாளமாக உப்புச் சர்க்கரை மாற்றி, ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்துவிட்டோம்.

ராஜா மாதிரி கவிதாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றேன்.

"அப்பா, இங்க வெள்ளி சாயங்காலம் ஆறுன்னா அங்க சனிக்கெழம விடியக்காலம் நாலரைங்கப்பா. நடுவுல அபுதாபில பத்து மணி நேரம் உக்காரோணும். நான் கோயமுத்தூர்ல எறங்கறதே ஞாயித்துக்கெழம காலைல ஒம்பது மணிக்குங்கப்பா."

"முகூர்த்தம் ஆறரைக்கு, கண்ணு."

அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

சம்பந்தி வீட்டுக்கு ஓடினேன். புதன்கிழமைக்கு மண்டபம் வேறு ஆளுக்குப் போயிருந்தது. "ஊருக்கெல்லாம் மணி சொல்ற மனுசன், பெத்த புள்ளைக்குத் தப்பாக் கணக்குப் போட்டுப்போட்டீங்களே" என்ற என் வீட்டுக்காரி, அதற்குப் பிறகு கல்யாணம்வரை என்னோடு பேசவில்லை.

என் தம்பி மகளை நிறுத்தி இணைச்சீர் நடந்தது. நான் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். அவள் அங்கேதான் எங்கேயோ இருந்தாள். வானமும் லாரிக்காரனைக் கண்டுகொள்ளவில்லை.

தாலி ஏறியதும் வண்டியை எடுத்தேன். கோபியிலிருந்து விமான நிலையம் ரெண்டு மணி நேரம், டீ சேர்க்காமல். (நான் நிற்கவில்லை.)

கவிதா பட்டுப்புடவையோடு வெளியே வந்தாள். இணைச்சீருக்கென்று எடுத்த புடவை. விமானத்தின் சின்னக் கழிவறைக்குள் எப்படிக் கட்டினாளோ. மல்லிகைப்பூ மட்டும்தான் இல்லை.

"முடிஞ்சுருச்சுங்களாப்பா?"

"முடிஞ்சுருச்சு, கண்ணு."

பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, டீ குடிச்சுட்டுப் போலாம். இங்கதான் கடை இருக்குதல்லொ."

இப்போதும் எங்கள் வீட்டில் எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்று நான் வாயைத் திறந்தால் போதும். "டீயோடவா, டீ இல்லாமயா?" என்று மருமகள்கூடக் கேட்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டு, கல்யாண ஆல்பத்தில் இணைச்சீர் படம் இருக்கும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறக்காமல் தாண்டிப் போய்விடுகிறேன்.