மெத்தையாரின் ராஜினாமா

கண் விழித்தபோது மெத்தையார் கிளைச் செயலாளர் ஆகியிருந்தார்.

சுற்றிலும் ஆறு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கனவில்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அவரும் சேர்ந்து தட்டினார். அறை முழுக்க வெள்ளையாக ஆவி படர்ந்திருந்தது. கட்சியின் கிளை அலுவலகம் ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. கீழேயிருந்து கிளம்பும் நீராவி மரத்தளத்தின் இடுக்குகள் வழியாக மேலே வந்து, சோப்பு மணத்தோடு எல்லோர் முழங்காலையும் தழுவிக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வெதுவெதுப்பில் தூங்காமலிருக்கத் தனி மனவுறுதி வேண்டும். பதினெட்டு வருடமாக மெத்தைக்கடையில் விற்பனையாளராக இருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் படுத்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட மனிதரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"யாருக்கு மச்சான் கை தட்டுறீங்க?" என்று பக்கத்திலிருந்த மனைவியின் அண்ணனைக் கேட்டார்.

"உங்களுக்குத்தான் மாப்ள. செயலாளர் பொறுப்ப ஏத்துக்கிறீங்களான்னு கேட்டோம். நல்லா அழுத்தமா மூணு தடவ தலையாட்டுனீங்க."

"அது தூங்கி விழுந்தது மச்சான்!"

"தன்னடக்கம்," என்றார் பழைய செயலாளர். அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அறைச் சாவியையும் கட்சியின் விதிப் புத்தகத்தையும் மெத்தையார் மடியில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டார்.

எப்போதோ மச்சான் நீட்டிய தாளில் என்னவென்று பாராமல் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் மெத்தையாரின் அதுவரையான அரசியல் வாழ்க்கை. அன்றைக்கும் "ஆள் கொறையுது, சும்மா வந்து ஒக்காருங்க, போதும்" என்று மச்சான் கெஞ்சியதால் வந்தவர்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணிமடிப்பு கலைந்து விழுந்தது.

"செயலாளரா? நீங்களா? அடுப்புல பால் பொங்கினா எழுந்து நிறுத்த மாட்டீங்க. நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க. பாவம் அந்தக் கட்சி."

மெத்தையாருக்கும் அதுதான் எண்ணம். தலைமை அலுவலகத்துக்கு விலகல் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மிகக் கறாராக எழுதிவிட்டோமோ என்று, இரண்டாவது கடிதத்தில் கட்சியைப் பாராட்டி ஒரு பத்தி சேர்த்தார். அதற்கும் பதில் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பெரிய எடம் மாப்ள. ஆயிரம் வேல இருக்கும்," என்றார் மச்சான். "நம்மள மாதிரி சின்னக் கிளைய எல்லாம் அவங்க கண்டுக்க மாட்டாங்க. நாலு வருஷம் முன்னாடி கொடி கேட்டு எழுதினோம். இன்னும் வரல."

கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், மெத்தையார் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புதிதாக வந்திருந்த மெத்தையில் சாய்ந்தார். அறுபது பக்கம் கொட்டாவி விட்டபடி படித்தவர், பதினான்காம் விதியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலைமை பதில் தராவிட்டால், இருபது உறுப்பினருக்குக் குறையாமல் கூடிய கிளைக் கூட்டத்தில் கைதூக்கி ஏற்றுக்கொண்டால் போதும், விலகல் செல்லும்.

கிளையில் மொத்தம் இருந்தது ஏழு பேர்.

"அப்போ பதிமூணு பேரச் சேத்தா நான் வெளில வந்துடலாம்!"

"அதே மாப்ள. ஆள் உள்ள வந்தாத்தான் நீங்க வெளில போகலாம்," என்றார் மச்சான். உறுப்பினர் படிவங்களை எடுத்துக்கொடுக்கும்போது அவர் முகத்தில் ஏன் அத்தனை சந்தோஷம் என்று மெத்தையார் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால் வீடு வீடாகக் கிளம்பினார். பனி இன்னும் கலையவில்லை. தெரு முழுவதும் போர்வைக்குள் புரண்டு படுப்பது போல இருந்தது. முதல் கதவைத் திறந்தவர் ஒரு பஸ் டிரைவர்.

"ஓட்டா? தேர்தலே இல்லையே?"

"ஓட்டு வேணாங்க. எங்க கட்சில சேரணும்."

"சேந்து?"

மெத்தையாருக்குப் பொய் வராது. மெத்தை விற்கும்போதும் "இது ஆறு மாசத்துல நடுவுல பள்ளம் விழுந்துடும்" என்று சொல்லிவிடுகிறவர்.

"சேந்து, ஒரே ஒரு தடவ கை தூக்கணும். நான் பதவிய விட்டுப் போறதுக்கு."

பஸ் டிரைவர் கதவை முழுவதுமாகத் திறந்தார். "உள்ள வாங்க. நாற்பது வருஷத்துல, போறதுக்கு ஆதரவு கேட்டு வந்த மொத கட்சிக்காரர் நீங்கதான்."

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கட்சின்னு ஆயிடுச்சு. ஒண்ணு கேக்கலாமா? அந்த முக்குல பஸ்ஸத் திருப்பும்போது எதுத்தாப்புல வர்றது தெரியல. ஒரு வட்டக் கண்ணாடி வெச்சா உசுரு தப்பிக்கும். அத மட்டும் பாத்துட்டு விலகிடுங்க."

அடுத்த வீட்டில் ஒரு நர்ஸ். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, பஸ் நிறுத்தத்தில் உட்கார ஒரு பலகை வேண்டும் என்றார். அதற்கடுத்த வீட்டில், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை. மெத்தையாருக்கு இல்லை என்று சொல்ல நா எழவில்லை. இரண்டு வாரத்தில் பதினேழு உறுப்பினர்கள், பதினேழு கோரிக்கைகள். அவற்றை முடித்துக் கொடுக்காமல் கூட்டத்தைக் கூட்ட அவருக்கு மனம் வரவில்லை.

கட்சியின் லெட்டர்பேடில் எழுதி எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அங்கே மனு வாங்கும் அம்மாள் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் கட்சி இன்னும் இருக்கா?"

"என்னால முடிஞ்சவரைக்கும் வெளில வரத்தான் பாக்கறேன்," என்றார் மெத்தையார். அந்த அம்மாள் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "நீங்க இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கறீங்க. இடுப்புல ஆரம்பிச்சு கால் வரைக்கும் சுள்ளுனு இழுக்குமே?"

அம்மாள் பேனாவை வைத்துவிட்டார். "டாக்டருக்கே தெரியலையே சார்!"

"முழங்காலுக்கு நடுவுல ஒரு சின்னத் தலையணைய வெச்சுப் படுங்க."

மூன்றாம் நாள் முக்கில் கண்ணாடி வந்துவிட்டது. அடுத்த வாரம் பலகை, அதற்கடுத்த வாரம் வேகத்தடை. விலகுவதற்காகச் செய்த வேலைகள் அத்தனையும் அவரை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளின. தெருத் தெருவாகச் சேதி பரவி, கூப்பிடாமலே ஆட்கள் படிவம் கேட்டு வந்தார்கள்.

வந்தவர்கள் நேராகக் கடைக்குத்தான் வந்தார்கள். நின்றுகொண்டே எத்தனை நேரம் பேசுவது? காட்சிக்கு வைத்திருந்த மெத்தைகளில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஆறு மெத்தையில் ஆறு குடிமக்கள் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நின்றுகொண்டு சொன்னால் சண்டையாகிற விஷயங்கள், படுத்துக்கொண்டு சொல்லும்போது பெருமூச்சாக வந்தன. ஒரே சாக்கடைக்காகப் பத்து வருடம் முகம் பாராத இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், அடுத்தடுத்த மெத்தையில் படுத்து அரை மணி நேரத்தில் சமாதானமாகிவிட்டார்கள். ஒருவர் நடுவில் தூங்கிப்போனார். மற்றவர் அவருக்குப் போர்த்திவிட்டுப் போனார்.

"இது கடையா, கட்சியா?" என்றார் முதலாளி.

"இன்னும் கொஞ்ச நாள்தான் முதலாளி. விலகிடுவேன்."

"அப்போ விலகறதுக்குள்ள அந்தப் பூங்கா கதவக் கொஞ்சம் சீக்கிரமா தொறக்கச் சொல்லுங்க. நான் காலைல நடக்கணும்," என்று முதலாளியும் மெதுவாக ஒரு மெத்தையில் சாய்ந்தார்.

ஒரு நாள் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து போகும்போது மெத்தையாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொழுது சாய்கிற நேரம். வெளிச்சம் தேன் மாதிரி கெட்டியாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் யாரோ ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையசைத்து, சௌக்கியமா என்றார்கள். அவர் வாழ்நாளில் அவரை எவரும் எதற்காகவும் எதிர்பார்த்ததில்லை. கனவில் மட்டும்தான் தெரு இப்படி நடந்துகொள்ளும். தன்னையே ஒருமுறை கிள்ளிப் பார்த்தார். வலித்தது. வலித்ததில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததும் பயந்துபோய், அன்றைக்கே கூட்டத்துக்குத் தேதி குறித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடை மாடியில் அறுபத்திரண்டு பேர். நாற்காலி போதாமல் ஒன்றில் இருவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நீராவிக்குள் முகங்கள் மிதந்தன. மனைவி முன்வரிசையில் இருந்தாள். அவள் எப்போது உறுப்பினர் ஆனாள் என்று அவருக்குத் தெரியாது.

மெத்தையார் கடிதத்தைப் பிரித்தார்.

"உங்க எல்லாரையும் நான் எதுக்குச் சேத்தேன்னு உங்களுக்கே தெரியும். மறைக்கல. வாக்குக் குடுத்திருக்கீங்க. என் விலகல ஏத்துக்கிறவங்க, தயவுசெஞ்சு கை தூக்குங்க."

ஒரு கைகூட அசையவில்லை. பஸ் டிரைவர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நீயாவது தூக்கேன்," என்றார் மனைவியிடம், கெஞ்சலாக.

"முடியாதுங்க," என்றாள் அவள். "இருபத்திரண்டு வருஷமா தூங்கற ஆளோட குடும்பம் நடத்தினேன். இந்த ஆறு மாசமாத்தான் முழிச்சிருக்கற ஆளோட இருக்கேன். நான் கை தூக்க மாட்டேன்."

கீழே ஏதோ ஓர் இயந்திரம் சுற்றி ஓய்ந்தது. மெத்தையார் கடிதத்தைப் பார்த்தார், எதிரே மிதந்த முகங்களைப் பார்த்தார். பிறகு கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"சரி," என்றார். "இந்தக் கட்சி இருக்கற வரைக்கும் நானும் இருக்கேன்."

கைதட்டலில் மரத்தளம் அதிர்ந்தது. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தம் அடங்கும்போதுதான் கடைசி வரிசையில் ஒரே ஒரு கை உயர்ந்திருப்பதைக் கவனித்தார்கள். பழுப்புச் சட்டை போட்ட, யாருக்கும் தெரியாத ஒரு மனிதர்.

"நீங்க யாருங்க? அவர் போகணும்னு சொல்றீங்களா?" என்று நர்ஸ் சண்டைக்கு எழுந்தார்.

"ஐயோ, இல்லீங்க! நான் தலைமை ஆபீஸ்லேருந்து வரேன்."

கூட்டம் பூரித்துப் போனது. கடைசியில் தலைமை திரும்பிப் பார்த்துவிட்டது! ஆளுக்கு ஆள் வழிவிட்டு அவரை முன்னால் தள்ளினார்கள். மெத்தையார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு லெட்டர் போட்டேன் சார். எப்ப வந்தீங்க? சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு மணி நேரமாச்சுங்க. நடுவுல குறுக்கிட மனசு வரல," என்று அந்த மனிதர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "கட்சியக் கலைச்சு ஒரு வருஷம் ஆகப்போகுது. எல்லாரும் கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா, இந்த நாற்காலிய எல்லாம் எடுத்துட்டுப் போயிடுவேன்."