இளைத்துப் பெருத்த செங்குட்டுவன்

செங்குட்டுவன் ஒரே மாதத்தில் ஆறு கிலோ இளைத்திருந்தான். அதைக்கூட டாக்டர் இளம்பரிதி பொறுத்துக்கொண்டிருப்பார். உயரத்திலும் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்ததுதான் இடித்தது.

நெய்வேலியில் ஒரு தனியார் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவருக்கு அது கடைசி வருடப் பயிற்சி. பெரிய டாக்டர் கண்ணகி கையெழுத்துப் போட்டால் சொந்தமாகக் கிளினிக் வைக்கலாம். அந்தம்மா போடுவதாக இல்லை.

"எப்பப் பாரு எழுதி வச்சதையே பாக்கற. நாளைக்கு உன் கிளினிக்குக்குப் புள்ளைங்க வரும், காகிதமா வரும்? உருப்படியா ஒரு கேஸ் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

இதோ கேஸ்.

"ஏம்மா, பையன் இப்படி இளைச்சுட்டான்?" என்றார், மெடிக்கல் புக்கிலிருந்து தலையைத் தூக்காமல். சுரங்கத்தில் பர்மனென்ட் ஆனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் புக்கைக் காட்டினால் வைத்தியம் இலவசம்; ஒப்பந்தக் கூலிகள் வீட்டுக்கு அது கிடையாது. செங்குட்டுவனின் அம்மா தனம்; அவள் கணவர் பர்மனென்ட்.

"சோறே துன்ன மாட்டேங்கறான் சார்," என்றாள் தனம்.

டாக்டர் டானிக் எழுதினார். அடுத்த வாரம் பையன் ஒன்பது கிலோ கூடியிருந்தான்.

"இப்ப துன்னுகினே இருக்கறான் சார்."

பயந்துபோய் டானிக்கை நிறுத்தினார். பையன் மறுபடி இளைத்தான். எடை மெஷின்தான் கோளாறு என்று புது மெஷின் வாங்க வைத்தார். புது மெஷினும் அதையே சொன்னது. ரத்தம் எடுத்தார். போன மாதம் ஓ பாசிட்டிவ், இந்த மாதம் பி பாசிட்டிவ். லேப் சாமிக்கண்ணுவைப் பிடித்துச் சத்தம் போட்டார். சாமிக்கண்ணு அன்றோடு அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். விழுந்துபோன பால்பற்கள் நான்கும் திரும்ப முளைத்திருந்தன, பால்பற்களாகவே. உலகத்திலேயே முதல் கேஸ்!

"சனிக்கிழமை பெரிய டாக்டருங்க வராங்க. பையனைக் கூட்டிட்டு வாங்கம்மா."

"அவ்ளோ பேர் எதிர்ல வாணாங்க. புள்ள கூச்சப்படுவான்."

"வரலைன்னா உங்க வீட்டுக்காரர் ஆபீசுக்கு எழுதிடுவேன்."

தனத்தின் முகம் வெளுத்தது. அதை அவர் பார்க்கவில்லை. புக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஏழு டாக்டர்கள் வந்தார்கள். எடை வரைபடம் திரையில் ஏறி இறங்கி ஏறியது. ஒருவர் ஹார்மோன் என்றார். இன்னொருவர் சுரங்கத் தூசு என்றார். மூன்றாமவர் இந்த நோய்க்கு இளம்பரிதி பெயரையே வைக்கலாம் என்றார். முன்வரிசையில் கண்ணகி பேனா மூடியைத் திறந்தார்.

இளம்பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் தோளில் கை வைத்து, முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"செங்குட்டுவா, அடுத்த வாரம் உன்னை சென்னைக்குக் கூட்டிட்டுப் போகப் போறோம். தயாரா இரு."

பையன் தனத்தைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வாரம் என் முறை இல்லீங்க சார். எங்க தெருவுல பர்மனென்ட்டு தனம் அத்தை வூடு ஒண்ணுதான, அடுத்த வாரம் எதிர் வூட்டு எழில்மதிதான் செங்குட்டுவன்."