என் மனைவிக்கு ஓர் எதிர்க்கட்சி தேவை

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை நீங்கள் வந்தபோது நான் அடைத்துவிட்ட கீழ்க் கடைவாய்ப் பல்லும் சுகமாகவே இருக்கும். இல்லையென்றால் இதற்குள் உங்களிடமிருந்து நாலு கடிதம் வந்திருக்கும்.

விஷயம் இதுதான் மச்சான். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு உங்கள் தங்கை மாலைக் கல்லூரியில் சேர்ந்து அரசியல் படிப்பது உங்களுக்குத் தெரியும். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். 'மக்களாட்சியும் அரசாங்கமும்' என்று ஒரு தாள் இருக்கிறது, அதில் மட்டும் போன வருஷம் போய்விட்டது. கட்டுரை எழுத வேண்டிய தாள் அது. இந்த முறையாவது தேற வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு கட்டுரை எழுதிப் பேராசிரியரிடம் காட்டியிருக்கிறாள். அவர் படித்துவிட்டு, "அம்மா, ஒரு பக்கத்து நியாயத்தை அழகா சொல்லியிருக்கீங்க. மறுபக்கம் பேச ஆளே இல்லையே. வீட்டுல யார்கிட்டயாவது வாதாடிப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான்.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்: "ஏங்க, ஓட்டுப் போடுறதைக் கட்டாயமாக்கணும்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இதனாலதான் நான் பெயிலானேன்" என்றாள்.

நியாயத்தைச் சொல்லுங்கள் மச்சான், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசியதில்லை, இதை ஒரு நல்ல குணம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள், அது ஒரு நாள் அவளுடைய மதிப்பெண் பட்டியலில் போய் உட்காரும் என்று யார் கண்டது? சரி, தப்பு என்னுடையது, நானே எதிர்க்கட்சியாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, ஏன் கட்டாயமாக்கக் கூடாது?" என்றாள். நான் நிறைய யோசித்து, "கூட்டமா இருக்கும்" என்றேன். பேனாவை மூடிவிட்டாள்.

நம்மிடம் சரக்கு இல்லை, வெளியில் விசாரிப்போம் என்று மறுநாள் என் கிளினிக்குக்குப் பல் காட்ட வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். 'பெரும்பான்மை எடுக்கும் முடிவு எப்போதும் சரியானதுதானா?' என்பது அன்றைய கேள்வி. ஒருவர் விடாமல் "ஆ" என்றார்கள். சாயங்காலம் வந்து, எல்லோரும் ஆமாம் என்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "ஊசி போடுறதுக்கு முன்னாடி கேட்டீங்களா, போட்ட பிறகா?" என்றாள். "போட்ட பிறகுதான். அப்பதானே வாயைத் திறந்துட்டு சும்மா இருப்பாங்க" என்றேன். "மரத்துப்போன வாயிலிருந்து வர்ற சம்மதத்துக்கு என்னங்க மதிப்பு?" என்று சொன்னவள், சொன்ன வேகத்திலேயே உள்ளே ஓடிப்போய் அதையே அரைப் பக்கம் எழுதிவிட்டாள். ஏதோ நம்மால் ஆன உபகாரம் என்று இருந்துவிட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஊசிக்கு முன்னால் கேட்டால்தான் உண்மையான கருத்து என்று ஆகிவிட்டதால், ஞானப்பல் பிடுங்க வந்த ஒரு வக்கீலிடம், நாற்காலியில் சாய்ந்த உடனேயே, "வலுவான அரசாங்கம் நல்லதா, கட்டுப்பட்ட அரசாங்கம் நல்லதா?" என்று கேட்டுத் தொலைத்தேன். கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்த மனிதர், வீக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார் பாருங்கள், கதவு திறந்திருந்ததால் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது, அவர்களில் ஒருவர் எழுந்து வந்து மறுத்துப் பேச, அவருக்கு ஆதரவாக இரண்டு பேர் எழ, கொஞ்ச நேரத்தில் வலப் பக்கத்துப் பெஞ்சு ஒரு கட்சி, இடப் பக்கத்துப் பெஞ்சு ஒரு கட்சி என்று ஆகிவிட்டது. நடுவில் உண்மையாகவே வலியோடு வந்த ஒருவர் எதிர்த்த தெரு டாக்டரிடம் போய்விட்டார். வக்கீல் கடைசியில் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு, கைகொடுத்துவிட்டு, பல்லைப் பிடுங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். டோக்கன் கொடுக்கிற அம்மாள் மட்டும் கதவோரம் வந்து நின்று, "டாக்டர், நாளையிலிருந்து பல்லைப் பத்தி மட்டும் பேசுவோமா?" என்றார்.

சரக்கு நிறையவே சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு வாதாடத்தான் எனக்கு வரவில்லை. வக்கீல் சொன்னதை நான் ஒப்பித்தால் அவள் ஒரு பதில் சொல்வாள், அந்தப் பதில் எனக்குச் சரி என்று படும், "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிடுவேன். நேற்று அப்படிச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சின்ன வயசுல எல்லாரும் எனக்கு வேண்டாம்னு சொன்னாங்க, ஏன்னு சொல்லல. நீங்க வந்த பிறகு எல்லாத்துக்கும் சரின்னு சொன்னீங்க, நீங்களும் ஏன்னு சொல்லல. யாராவது ஒருத்தர் எனக்கு எதிரே உக்காந்து, நான் சொல்றதைக் காதுல வாங்கி, அது தப்புன்னு நிரூபிச்சுக் காட்டுங்களேன்."

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அவளைச் சின்ன வயதிலிருந்து எதிர்த்துப் பேசிப் பழகியவர் நீங்கள் ஒருவர்தான். அடுத்த வாரம் பரீட்சை. இந்த வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வந்து, நம் வீட்டிலேயே தங்கி, அவள் என்ன சொன்னாலும் இல்லை என்று சொல்லிக் காரணமும் சொல்லித் தர வேண்டும். மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். உங்களுக்கு என்ன சௌகரியம் தேவையோ அத்தனையும் செய்து தருகிறேன். நீங்கள் இருந்தால் எனக்கும் பெரிய தெம்பு.

அக்காவுக்கு என் வணக்கம். பேரக்குழந்தைகளுக்கு என் ஆசிகள். இரவு பல் துலக்கிவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லவும்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
தங்கையின் கணவன்

பி.கு.: தயவுசெய்து வர வேண்டாம்.

கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, உங்களை அழைத்திருக்கும் செய்தியை அவளிடம் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அண்ணன் வரட்டும், வந்தா ஒரு மாசமாவது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். எங்கிருந்து வந்ததோ தெரியாது மச்சான், "வேண்டவே வேண்டாம்" என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், பேசியது நான்தான். "ஏன்?" என்றாள். காரணங்கள் கொட்டுகின்றன! நீங்கள் குளியலறைக்குள் செய்தித்தாளோடு போவது, டிவியைத் தெருவுக்கே கேட்க வைப்பது, காத்திருக்கும் நோயாளிகளிடம் உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் உங்கள் பக்கம் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நான் அந்தப் பதிலுக்குப் பதில் சொன்னேன். ஒரு இடத்தில்கூட "அதுவும் சரிதான்" என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது அவள் எதிரே உட்கார்ந்து, மறுபக்கத்து நியாயம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பரீட்சை முடிந்த பிறகு அவசியம் வாருங்கள். அப்போது எனக்கு ஆட்சேபம் எதுவும் இருக்காது. இருந்தால் எழுதுகிறேன்.