சம்பந்தியிடம் நானே பேசுவேன்

நெல்லித்தோப்பு,
9.5.2007

காரைக்காலில் பிரெஞ்சு பென்ஷனும் நல்ல பசியுமாக வாழும் மச்சான் இராமதாஸ் அவர்களுக்கு, சக்கரபாணி வணங்கி எழுதுவது. நானும் உங்கள் தங்கை அமிர்தவல்லியும் நலம். அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வருகிற ஞாயிறு நம் இனியாவின் நிச்சயதார்த்தத்துக்கு ஸ்பெயினிலிருந்து சம்பந்தி வருகிறார். "நான் வந்து பிரெஞ்சுல சமாளிச்சிடறேன்" என்று போனில் சொன்னீர்கள். நன்றி, வேண்டாம். சாப்பிட மட்டும் வாருங்கள். ஒரே பெண்ணைக் கடல் தாண்டி அனுப்புகிறவன் நான். அவளைப் பற்றி ஒரு வார்த்தையாவது என் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஸ்பானிஷ் படிக்கிறேன்.

மற்றதெல்லாம் எப்படியோ மண்டையில் ஏறிவிட்டது, இந்த மேல், கீழ், பின்னால்தான் உயிரை வாங்குகிறது. நாம் 'மேசை மேல்' என்றால் அவர்கள் 'மேல் மேசை' என்கிறார்கள். செய்து பார்த்துப் படி என்று புத்தகம் சொல்கிறதே என்று மிக்ஸி மூடியை எதற்கோ பின்னால் போட்டு 'தெத்ராஸ்' என்றேன், வார்த்தை நினைவில் நின்றது, போட்ட இடம் நிற்கவில்லை, வீட்டில் சட்னியே இல்லாமல் போனது, சரியென்று கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு 'தெபாஹோ, தெபாஹோ' என்று சொல்லிக்கொண்டிருந்தால் எதிர்வீட்டு ஆதிலட்சுமி டார்ச்சோடு வந்து, "என்னாண்ணே காணோம்?" என்று தானும் குனிந்துவிட்டது. பாடம் படிக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? கல்யாண நகை தொலைந்துபோனதாகத் தெருவே வந்து துக்கம் விசாரித்து, காபி குடித்துவிட்டுப் போனது. இதற்கு நடுவே, நேத்து என் கண்ணாடி எங்கன்னு கேட்டேன், அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பாக்காம "சோப்ரே ஃப்ரிட்ஜ்"னு சொல்றா உங்க தங்கச்சி. ஃப்ரிட்ஜ் மேலதான் இருந்துச்சு. உங்க குடும்பத்து மூளைதான், ஒத்துக்கறேன்.

என் வாக்கியம் தயார். "தே நோசோத்ரோஸ், கோன் உஸ்தேதெஸ்." எங்களிடமிருந்து வருகிறாள், உங்களோடு இருப்பாள். அவ்வளவுதான். மனசு நிறைந்துதான் இருக்கிறது. போன முறை வந்தபோது நோணாங்குப்பத்தில் அமிர்தவல்லியைக் கைபிடித்துப் படகில் ஏற்றினானே மாப்பிள்ளை, அன்றைக்கே எனக்குப் பயம் போய்விட்டது.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். வாயை ஊரில் விட்டுவிட்டு வயிற்றோடு மட்டும் வரவும்.

அன்புள்ள,
சக்கரபாணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போறப்ப இனியா போன் பண்ணுச்சு. புதுச்சேரின்னா எல்லாரும் பிரெஞ்சுதான் பேசுவாங்கன்னு நம்பி, சம்பந்தி போன வருஷத்துலேருந்து பிரெஞ்சு படிக்கிறாராம். நாம ஸ்பானிஷ்ல பேசிட்டா மனசு ஒடஞ்சிடுவாராம். உங்க தங்கச்சி இன்னும் சிரிச்சி முடிக்கல. மேல எழுதினத மறந்துட்டு சனிக்கெழமையே வந்துடுங்க மச்சான். எல்லாத்தையும் நீங்களே பேசுங்க. அந்த ஒரு வாக்கியத்த மட்டும் நான் சொல்லிக்கறேன். அது முடியற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க.