தளர்வு ஒழிப்பு இயக்கமும் ஒரு டர்பைன் சக்கரமும்

உலகத்தில் இதுவரை நடந்த எல்லாச் சரிவுகளுக்கும் மூலகாரணம் தளர்வுதான் என்று கண்டுபிடித்து மனித குலத்துக்கு அறிவித்தவர் எங்கள் நிறுவனத்தின் தலைவர். சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்தது, பாலங்கள் இடிந்தது, அவருடைய முதல் கார் நடுரோட்டில் நின்றது, எல்லாமே எங்கோ ஏதோ ஒன்று லூசாக இருந்ததால்தானாம். இந்த மகத்தான உண்மையை அவர் பதவியேற்ற அன்றே எங்களிடம் சொல்லிவிட்டார். கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதும் செயலாளர் என்ற முறையில் அதை முதலில் எழுதிக்கொண்ட பாக்கியசாலி நான்தான்.

நாங்கள் ராக்கெட் எஞ்சினுக்கு எரிபொருளைத் தள்ளும் பம்பை ஓட்டுகிற டர்பைன் சக்கரங்களைச் செய்கிறோம். தலைவர் இதற்கு முன் பூட்டுக் கம்பெனி நடத்தியவர். பூட்டுக்கும் ராக்கெட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சில அற்பர்கள் கேட்கலாம். இரண்டும் உலோகம். ஒரு நிர்வாகி அதற்குமேல் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார்?

ஆகவே 'தளர்வு ஒழிப்பு இயக்கம்' தொடங்கப்பட்டது. தொளதொள சட்டைகள் தடை செய்யப்பட்டன. கேன்டீன் மேசை ஒன்று ஆடியதால் எல்லா மேசைகளையும் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். மேசை மட்டும் போதுமா என்று நாற்காலிகளையும் முடுக்கினார்கள். கணக்குப் பிரிவில் ஒருவருக்குத் தொப்பை கொஞ்சம் தாராளம். இரண்டுக்கும் நடுவே அவரால் நுழையவே முடியவில்லை. பாவம், நின்றுகொண்டே சாப்பிட்டார். நின்று சாப்பிடுவது சுறுசுறுப்பின் அடையாளம் என்று தலைவர் அவரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்.

அடுத்து, அசெம்பிளி அறையைப் பார்வையிட வந்தார். அங்கே அதிர்வுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமைப் பொறியாளர் என் அண்ணி. அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் என் அண்ணனுக்கும் ஆபீசில் மற்ற எல்லோருக்கும் இது தெரியும். தலைவருக்கு மட்டும் அன்றுதான் தெரிந்தது.

தயாராகி நின்ற டர்பைன் சக்கரத்தை அவர் விரலால் மெல்லத் தள்ளினார். சக்கரம் சுற்றியது. சுற்றும்போது உள்ளேயிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. அவர் முகம் கறுத்துப்போனது.

அண்ணி விளக்கம் சொன்னார். சக்கரத்தின் விளிம்பில் வரிசையாக பிளேடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் டாம்பர் என்று நகத்தளவு உலோகத் துண்டு. அதை ஒட்டுவதில்லை, சும்மா செருகித்தான் வைப்பார்கள். சக்கரம் வேகமெடுத்தால் அந்தத் துண்டு வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு பிளேடோடு உரசும். பிளேடு நடுங்கினால் அந்த உரசலிலேயே நடுக்கம் அடங்கிவிடும். கையால் சுற்றும்போது துண்டு தடுமாறுகிற சத்தம்தான் அந்தக் கடகட.

"அது ஆடணும்னுதான் சார் அப்படிச் செஞ்சிருக்கோம். அதிர்வை அதுதான் தின்னுது. இறுக்கிட்டா பிளேடு நடுங்கியே முறிஞ்சிடும்."

"தின்னுட்டு சும்மா ஆடிக்கிட்டிருக்கிற ஆளுங்களைத்தான் மேடம் நான் ஒவ்வொருத்தரா குறைச்சிட்டு வர்றேன். இறுக்குங்க."

அண்ணி மறுத்தார். எங்கள் நிறுவனம் சர்வாதிகார நிறுவனம் அல்ல. எனவே ஒரு குழு கூடியது. "விரிவான விவாதம் நடைபெற்றது" என்று நான் குறிப்பில் எழுதியிருக்கிறேன். அண்ணி பலகையில் படம் வரைந்து, தொண்டை வறள வறளப் பேசினார். குழுவினர் பிஸ்கெட் ஏன் நமுத்துப்போயிருக்கிறது என்பதைப் பற்றித் தங்களுக்குள் விவாதித்தார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எப்போ சத்தம் போடும்?"

"கையால சுத்தினா போடும் சார். ஓடும்போது போடாது."

"வாங்க வர்றவங்க கையாலதானே சுத்திப் பார்ப்பாங்க?"

இந்த அறிவுக்கு முன்னால் யார் என்ன பேச முடியும்? எல்லாக் கைகளும் ஒன்றாக உயர்ந்தன. டாம்பர் துண்டுகள் அனைத்துக்கும் வெல்டு வைப்பது என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அண்ணி கை தூக்கவில்லைதான். ஏகமனதுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக அப்போதே அவரைப் பிரிவிலிருந்து மாற்றி, 'கேன்டீன் நாற்காலி இறுக்கக் கண்காணிப்பு அலுவலர்' என்ற புதிய பதவியில் அமர்த்தினார்கள். கையில் ஒரு ஸ்பேனரும் கொடுத்தார்கள்.

சோதனைக்கூடத்தில் சூடான வாயுவைப் பாய்ச்சி அந்தச் சக்கரத்தை ஓட்டிப் பார்க்கவேண்டிய ஆபரேட்டர் வேறு யாருமில்லை, என் அண்ணன்.

வீட்டில் சாப்பிடும்போது அண்ணி அண்ணனிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வயிற்றுவலி என்று லீவு போடச் சொன்னார், வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அண்ணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நான் நிக்கலைன்னா வேற ஒருத்தன் நிக்கணும். அவன் வீட்லயும் ஒருத்தி இதையேதான் சொல்லுவா."

அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. மறுநாள் தலைவரிடம் போய், சோதனையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று பணிவோடு கேட்டேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்து, உங்க குடும்பமே கொஞ்சம் லூசு போலிருக்கே என்று சிரித்தார். பெரியவர்களின் நகைச்சுவையே தனி.

சோதனை நாள் வந்தது. வாங்க வந்த விருந்தினர்களுக்குத் தனிக் கட்டடத்தில், மெத்தை நாற்காலியில், திரை வைத்துக் காட்டும் ஏற்பாடு. முதலில் அவர்கள் முன்னால் ஒரு சக்கரத்தை வைத்துக் கையால் சுற்றச் சொன்னார்கள். மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. ஒரு விருந்தினர் காதை அதன் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துவிட்டு, அமைதியோ அமைதி என்றார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது.

பிறகு தலைவர் திரையைப் பார்த்தார். சோதனைக்கூடச் சுவருக்குப் பின்னால் ஆபரேட்டர் அறையில் அண்ணன் காதுமூடியோடு உட்கார்ந்திருந்தான். வழக்கமாக எல்லோரும் போடுவதுதான். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. காதுமூடி போட்டால் சத்தம் வரும் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகாதா? விருந்தினர் என்ன நினைப்பார்கள்? உடனே ஆள் அனுப்பி அதைக் கழற்றி வாங்கிவரச் சொன்னார். அண்ணனுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலிருக்கும் கனத்த கதவையும் திறந்தே வைக்கச் சொன்னார். மூடிய கதவு அவநம்பிக்கை, அவநம்பிக்கை மனத்தளர்வு. கழற்றிக்கொண்டு வந்த காதுமூடியை என்னிடம்தான் கொடுத்தார்கள்.

சக்கரம் வேகமெடுத்தது. திரையில் அதிர்வுக் கோடு கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது, பிறகு எகிறியது. அண்ணன் நிறுத்தும் பொத்தானை நோக்கிக் கை நீட்டுவது தெரிந்தது. கை போய்ச் சேருவதற்குள் பிளேடுகள் முறிந்து, சக்கரம் வெடித்தது. எங்கள் கட்டடத்திலேயே ஜன்னல்கள் நடுங்கின. நான் ஓடினேன். எனக்கு முன்னால் அண்ணி, ஸ்பேனரும் கையுமாக, ஓடிக்கொண்டிருந்தார்.

துண்டுகள் எல்லாம் சுவரில் புதைந்துவிட்டன. அண்ணன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்தது. அண்ணி அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. விஷயம் முழுவதும் தெரிந்தவர் என்பதால் தலைவரே அதற்கும் தலைவரானார். பிளேடுகளுக்குப் போதிய மன உறுதி இல்லை என்று குழு கண்டறிந்தது. யார் மீதும் தவறில்லை. ஆனாலும் கருணை என்று ஒன்று இருக்கிறதே, பாதிக்கப்பட்ட ஊழியருக்குக் கேடயம் வழங்கும் விழா ஒன்றையும் தலைவர் ஏற்பாடு செய்தார்.

மேடையில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், நிறுவனத்துக்காகச் செவியையே ஈந்த செம்மல் என்று அண்ணனைப் புகழ்ந்தார். கூட்டம் கைதட்டியது. கைகள் அசைவதை அண்ணன் பார்த்தான். அண்ணியின் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக் கேட்டான். தன் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று அவனுக்கு இப்போது தெரிவதில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"டாம்பருக்கு வெல்டு வைக்கச் சொல்லி, என் காதுமூடியையும் கழட்டி வாங்கிட்டுப் போனது இந்த ஆளுதானே? இப்ப எதுக்கு இளிச்சுக்கிட்டு நிக்கிறான்?"

அண்ணி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலையை மேலும் கீழும் ஆட்டினார். தலைவர் என் பக்கம் குனிந்தார்.

"அதையெல்லாம் குறிப்புல ஏத்தாதே. ஊழியர் நன்றியுரைன்னு மட்டும் போடு."

தலைவரின் கட்டளையை நான் என்றைக்கும் மீறியவனல்ல. 'ஊழியர் நன்றியுரை' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே அண்ணன் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதினேன். தலைவர் வழக்கம்போல் படித்துப் பார்க்காமலே, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.