ஹெட்லைட்டுக்குச் சந்தனம்

"ஏட்டி, பிரேக்கை மிதின்னா மிதிக்கணும்."

"மிதிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். கால் வலிக்கு."

சின்னக்கருப்பன் காருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். சிவப்பு விளக்கு எரியத்தான் செய்தது. ஆனால் எண்ணெய் தீரப்போகிற அகல் மாதிரி எரிந்தது.

"மங்கல். சுத்த மங்கல். வித்தவன் நம்மள ஏமாத்திட்டான்."

"எனக்கு நல்லாத்தான தெரியுது" என்றாள், பின்சுவரில் விழுந்த சிவப்பைக் கண்ணாடியில் பார்த்த அவர் மனைவி வெள்ளத்தாய்.

"ஒனக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

முப்பத்திரண்டு வருசம் நூல் மில்லில் நின்ற கால்கள் அவருக்கு. ஓய்வு பெற்ற கையோடு அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினார். ராஜபாளையத்தில் அவர் தெருவில் கார் வைத்திருக்கும் மில் தொழிலாளி அவர் ஒருவர்தான். அதனால் அவர் கடைக்கு நடந்து போனாலும் கார் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டுதான் போவார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கல்யாணப் பெண்ணான தங்கச்சி மகள் கல்பனாவைத் திருவில்லிபுத்தூர் மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தாய்மாமன்தான் அழைத்து வர வேண்டும் என்பது முறை. அதில்தான் தங்கச்சி புருசன் ஜெயபாண்டி ஒரு முட்டுக்கட்டையைப் போட்டிருந்தான்.

"முறைக்கு நீரு முன்சீட்டுல உக்காரும் மச்சான். காரு நான் வாடகைக்குப் பிடிச்சிருக்கேன்."

"ஏன் மாப்ள, எங்கிட்ட என்ன மாட்டு வண்டியா இருக்கு?"

"போன வாரம் எங்க வீட்டுத் தண்ணித் தொட்டிய இடிச்சீரே, அதான்."

"அது லைட்டு மங்கல் மாப்ள! வியாழக்கிழமை வந்து பாரும். கல்பனா என் வண்டியிலதான் வருவா. நாந்தான் ஓட்டுவேன்."

சொன்ன சொல் அவ்வளவுதான். மறுநாளே கடைக்குப் போய் இண்டிகேட்டர், பிரேக், பார்க்கிங் எல்லாவற்றுக்கும் எல்.இ.டி. பல்பு வாங்கி வந்தார். மெக்கானிக்கிடம் விடவில்லை. மில்லில் எத்தனை மிசினைப் பிரித்து மாட்டிய கை! டப்பாவுக்குள் இருந்த தாளைக் கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் படித்தார். அச்சடித்தவன் மையைக் கஞ்சத்தனமாகப் போட்டிருந்தான்.

பல்பைத் திருப்பி மாட்டியதில் முதலில் எதுவும் எரியவில்லை. சரியாக மாட்டியதும் எரிந்தது. ஆனால் இண்டிகேட்டரைப் போட்டால் மூச்சிரைக்க ஓடி வந்தவன் நெஞ்சு மாதிரி படபடவென்று துடித்தது.

கடைக்காரரிடம் போனில் கேட்டார்.

"எல்.இ.டி. கரண்ட கொஞ்சமாத்தான் குடிக்கும்ண்ணே. அதனால பல்பு ஃபியூசாயிருச்சுன்னு வண்டி நினைச்சுக்கிடும். கூடக் கொஞ்சம் கரண்ட இழுக்க ரெசிஸ்டர் ஒண்ணு சேத்து மாட்டுங்க, சரியாப் போயிரும்."

மாட்டினார். துடிப்பு நின்றது. ஆனால் ரெசிஸ்டர் தோசைக்கல் மாதிரி சுட்டு, பின்விளக்கு மூடி ஒரு பக்கம் உருகித் தொங்கியது. அதைப் பிரித்து ஒயரை மாற்றிக் கட்டினார். பிறகு பிரேக்கை மிதித்தால் நாலு மூலையிலும் இண்டிகேட்டர் மின்னியது.

"இதுவும் ஒரு அழகுதான்" என்றார் சின்னக்கருப்பன்.

இத்தனைக்குப் பிறகும் ரோடு மங்கலாகவே இருந்தது. கடைசியில் ஹெட்லைட்டுக்கு, கடையில் இருந்ததிலேயே பெரிய எல்.இ.டி.யை வாங்கி மாட்டினார். புதன்கிழமை சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் எதிர்வீட்டு மாரிக்கனி முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"அண்ணே! ஒங்க வெளிச்சம் எங்க அடுக்களை வரைக்கும் வருது! குழம்புல கெடக்குற கடுக எண்ணிரலாம் போலுக்கே!"

"எண்ணிக்கோ தாயி. காசு கேக்க மாட்டேன்."

அவருக்கு இப்போதுதான் வெளிச்சம் ஓரளவுக்காவது இருந்தது. அதோடு, விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது, சாமி படத்தில் இருக்கிற மாதிரி. நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை இருட்டுகிற நேரம். கார் பூமாலையோடு கிளம்பியது. பின்சீட்டில் பட்டுடுத்திய கல்பனா, முன்சீட்டில் சீர்த்தட்டோடு வெள்ளத்தாய். வாடகைக் காரில் ஜெயபாண்டி முன்னாலேயே போயிருந்தான்.

எதிரே வந்த வண்டியெல்லாம் இவர்களைப் பார்த்து லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது.

"பாத்தியளா? தாய்மாமன் வண்டின்னு தெரிஞ்சு வணக்கம் வைக்கான்." சின்னக்கருப்பனும் பதிலுக்கு லைட்டை அடித்தார்.

"மாமா, அவங்க டிம் அடிக்கச் சொல்லுறாங்க" என்றாள் கல்பனா.

"நீ சும்மா இரு தாயி. கல்யாணப் பொண்ணு."

ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னமோ கத்திவிட்டுப் போனார்.

"என்னட்டி சொல்லுதாரு?"

"ஒங்க ஆத்தாளைப் பத்தி விசாரிக்காரு" என்றாள் வெள்ளத்தாய்.

திருவில்லிபுத்தூர் எல்லையில் போலீஸ்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காரை மறித்தார்.

"யோவ், இது காரா, கிரிக்கெட் கிரவுண்டாய்யா? இதோட ஊருக்குள்ள விட முடியாது."

"சார், பொண்ணை அழைச்சிட்டுப் போறோம். நான் தாய்மாமன்."

"கல்யாண வண்டின்னு பாக்கேன். எதையாவது போட்டு அந்த லைட்ட மறைங்க. இல்லாட்டி வண்டி இங்கயே நிக்கும்."

சின்னக்கருப்பன் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கணக்குப் போட்டார். இங்கே நின்றுவிட்டால் ஜெயபாண்டி வாடகைக் காரோடு வந்துவிடுவான். பிறகு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

வெள்ளத்தாய் யோசிக்கவே இல்லை. சீர்த்தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்து இறங்கினாள். இரண்டு ஹெட்லைட்டிலும் கனமாக அப்பினாள். பழக்கதோசத்தில் மேலே குங்குமமும் வைத்தாள்.

"இப்பத்தான் லைட்டு லைட்டு மாதிரி இருக்கு. போங்க" என்றார் போலீஸ்காரர்.

சின்னக்கருப்பனுக்கோ எதிரே ஒன்றும் தெரியவில்லை.

"ஏட்டி வெள்ளத்தாய், ரோட்டையே காணும்!"

"எனக்கு முழுசாத் தெரியுதே!"

"பொய் சொல்லாத. இறங்கி முன்னால நட. ஒன் பச்சைச் சேலையப் பாத்து ஓட்டுதேன்."

வெள்ளத்தாய் சீர்த்தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அந்தப் பச்சை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கார் ஊர்ந்தது. அடிக்கொரு தடவை பிரேக். பிரேக்குக்கு ஒரு தடவை நாலு மூலையிலும் மின்னல். பார்த்தவர்கள் இது ஏதோ பெரிய குடும்பத்து முறை என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். மண்டபத்துக்கு ஐம்பது அடி இருக்கையில் மேளக்காரர்களும் வெள்ளத்தாயின் முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

காரை நிறுத்தி இறங்கியபோது சின்னக்கருப்பன் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை. ஜெயபாண்டி வாசலில் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு வந்து கையைப் பிடித்தான்.

"மச்சான், இம்புட்டுப் பேரும் அழைப்பைப் பாத்து அசந்துட்டாங்க. வாடகைக் காருல வந்தா இது வருமா?"

"மாப்ள, எல்லாம் லைட்டு! அம்புட்டையும் நானே மாத்தினேன்."

"தாய்மாமன் அப்படியே கார்ப் பக்கத்துல நில்லுங்க" என்றான் போட்டோக்காரன் ஜெபக்குமார். பிளாஷ் அடித்தது. கேமராவைப் பார்த்தான். மறுபடி எடுத்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மூன்றாவது தடவையும் எடுத்தான்.

"என்ன தம்பி, நம்ம காரு லைட்டு கண்ணைப் பறிக்குதோ?"

ஜெபக்குமார் கேமராவைத் திருப்பி வெள்ளத்தாயிடம் காட்டிவிட்டுச் சொன்னான்:

"காருல அம்புட்டையும் மாத்திட்டீய அய்யா. புரை விழுந்து வெள்ளையாக் கெடக்குற ஒங்க ரெண்டு கண்ணை மட்டும் விட்டுட்டீயளே!"